பைகளுக்குப் பக்கத்தில் ஒருத்தி

அந்தக் குடும்பம் போகாத ஊர் இல்லை. மலை, அருவி, கடல், கோட்டை என்று வருஷம் தவறாமல் மூட்டை கட்டிவிடுவார்கள். எல்லா ஊருக்கும் அத்தையும் போயிருக்கிறாள். ஆனால் அந்த மலை எப்படி இருந்தது என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள். அடிவாரத்து சிமெண்ட் பெஞ்சைப் பற்றி விளக்கமாகச் சொல்வாள். அருவி என்றால் அருவிக்குப் போகும் வழியில் இருக்கும் உடை மாற்றும் அறையின் வாசல். கோட்டை என்றால் டிக்கெட் கவுண்டருக்கு எதிரே இருக்கும் மரமும், அதன் நிழல் நகர நகரப் பைகளையும் நகர்த்த வேண்டிய சிரமமும்.

குடும்பமாகச் சுற்றுலா போனால் பை பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அதற்காக யாரும் கூட்டம் போட்டு ஆளைத் தேர்ந்தெடுப்பதில்லை. அண்ணனுக்கு அண்ணி இருக்கிறாள். தம்பிக்கு மனைவி இருக்கிறாள். பிள்ளைகளுக்கு ஓடுவதற்குக் கால் இருக்கிறது. அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை. படத்தில் பக்கத்தில் நிற்க ஆள் கிடையாது. அப்படிப்பட்டவள் மேலே ஏறி என்ன வெட்டி முறிக்கப் போகிறாள்? "நீ இரு, நாங்க ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறோம்" என்பான் அண்ணன். அந்த ஒரு எட்டு சாயங்காலம் வரைக்கும் நீளும். இறங்கி வந்ததும் அண்ணி வியர்வையைத் துடைத்துக்கொண்டே தவறாமல் ஒன்று சொல்வாள்: "நீயும் வந்திருக்கணும். அவ்ளோ நல்லா இருந்துச்சு."

நாற்பத்து நான்கு வயது வரைக்கும் அத்தை இதைப் பொறுத்துக்கொண்டாள். இத்தனைக்கும் அவள் வாயில்லாப் பூச்சி அல்ல. ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் முன் மேசை அவளுடையது. ஊசிக்குப் பயந்து ஆஜானுபாகுவான ஆள் ஒருவர் நாற்காலியை விட்டு எழ மறுத்தால், அத்தை கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்து "உள்ள போங்க" என்பாள். அவர் போய்விடுவார். அந்தக் குரல் மேசையைத் தாண்டி வீட்டுக்கு வந்ததே இல்லை.

போன வருஷம் ஒரு மலையுச்சியில் சூரியன் மறைவதைப் பார்க்க எல்லோரும் போனார்கள். எல்லோரும் என்றால் யார் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். திரும்பி வந்த தம்பி மகள், பாவம் அத்தை பார்க்கவில்லையே என்று, மொபைலில் வீடியோவாக எடுத்த சூரியனைக் காட்டினாள். பாதி மறைந்ததுமே சார்ஜ் தீர்ந்து திரை கறுத்துவிட்டது. மீதி சூரியன் என்ன ஆனது என்று அத்தைக்கு இன்றுவரை தெரியாது. அன்றைக்குத்தான் அவள் மனசுக்குள் ஏதோ அறுந்தது. வெளிநாட்டுக்குப் போவது, தனியாகப் போவது, ஒரு இடத்தையாவது தன் கண்ணால் முழுசாகப் பார்த்துவிட்டு வருவது என்று முடிவு செய்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் விஷயத்தைச் சொன்னாள். தனியாகப் போனால் யார் உன்னைப் பார்த்துக்கொள்வார்கள் என்று அண்ணி கேட்டாள். அண்ணன் மட்டும் வெகுநேரம் யோசித்துவிட்டு, உண்மையான கவலையோடு கேட்டான்:

"அப்ப இந்த வருஷம் நாங்க எப்படிப் போறது?"

அவள் போன ஊரின் நடுவே பழைய காவல் கோபுரம் ஒன்று இருந்தது. உள்ளே சுழன்று சுழன்று ஏறும் குறுகலான படிகள். உச்சியில் நாலு பக்கமும் சுற்றிவரத் திறந்த மாடம். அங்கே நின்றால் ஊர், ஆறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏரி எல்லாம் தெரியுமாம். அந்த உச்சியில் போய் நிற்க வேண்டும். அவ்வளவுதான் அத்தையின் ஆசை. ஆனால் கோபுரத்தை சனி, ஞாயிறு மட்டும்தான் திறப்பார்கள். அவளோ புதன்கிழமை வந்து ஞாயிறு விடியற்காலை விமானம் ஏறுகிறவள். ஆக சனிக்கிழமை ஒன்றுதான் அவளுக்கு. அதுவரைக்கும் மற்றதைப் பார்க்கலாம் என்று இருந்தாள்.

தங்கியது ஹாஸ்டலில். ஓர் அறைக்கு ஆறு படுக்கை, அடுக்கி வைத்தாற்போல. அத்தைக்குக் கிடைத்தது மேல் தட்டு. இரும்பு ஏணியில் ஏறும்போது அவள் முட்டியும் ஏணியும் போட்டி போட்டுக்கொண்டு முனகின. அறையில் ஈர ஷூ வாசனை. சமையலறை ஃப்ரிட்ஜில் ஒவ்வொரு டப்பா மேலும் பெயரெழுதிய காகிதம், அதையும் மீறி அடுத்தவர் பாலை எடுத்துக் குடிப்பவர்கள். சுவரோரம் ஆளுக்கொரு இரும்பு லாக்கர். ஆனால் அங்கே ஒருவர்கூட ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்கவில்லை. அத்தைக்கு அந்த அறை அரண்மனையாகத் தெரிந்தது.

வந்த அன்றைக்கே மூன்று பேர் சிநேகமானார்கள். ஒருவன் தச்சு வேலை செய்கிறவன். ஒவ்வொரு நிலைப்படியிலும் தலையை இடித்துக்கொள்ளும் உயரம். அத்தை அவனுக்குக் கொக்கு என்று பெயர் வைத்தாள், மனசுக்குள்தான். இன்னொருத்தி ஆஸ்பத்திரி நர்ஸ். விடுப்பில் வந்திருந்தாள். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்கிற பெண். மூன்றாவது ஆள், கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டுத் தன்னைத் தேடிப் புறப்பட்டவர். அவருக்கு அத்தை வைத்த பெயர் ஞானி. ஞானி தன்னைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அவருடைய சார்ஜர், சாக்ஸ், அறைச் சாவி எல்லாவற்றையும் மற்றவர்கள் தேடித் தர வேண்டியிருந்தது. நாலு பேரும் பேசியது நாலு விதமான இங்கிலீஷ். ஒன்றுக்கும் இலக்கணம் கிடையாது, அதனால் சண்டையும் கிடையாது.

மறுநாள் நாலு பேருமாக மியூசியத்துக்குப் போனார்கள். வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார். பையோடு உள்ளே போகக் கூடாது. பை வைக்கும் அறையில் இடமில்லை. நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த இடைவெளியில் அத்தையின் வாய் முந்திக்கொண்டது. பரவாயில்லை, நீங்கள் போங்கள், நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது. சொன்னது தான்தானா என்று அவளுக்கே திகைப்பு. சரி, போகட்டும், யாராவது ஒருவர் 'ஐயோ, அதெப்படி, நீங்களும் வாங்க' என்று சொல்லாமலா இருப்பார்கள்? ஊரில் அண்ணிகூட ஒரு பேச்சுக்கு அப்படிச் சொல்வாள். அதற்கு இவள் 'பரவாயில்லை' என்பாள். இன்னொரு முறை கூப்பிட்டால் கூடவே போய்விடலாம் என்று காத்திருப்பாள். அந்த இன்னொரு முறை வந்ததில்லை என்பது வேறு விஷயம், ஆனால் முதல் முறையாவது இருக்கும்.

இந்த வெளியூர்க்காரர்களிடம் ஒரு பெரிய குறை. சொன்னதை அப்படியே நம்பிவிடுவார்கள். மூன்று பேரும் முகம் மலர்ந்து நன்றி சொன்னார்கள். நர்ஸ் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பைகளை அவள் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போனார்கள்.

அத்தை மியூசியத்துப் படியில் உட்கார்ந்தாள். ஒரு பை மடியில், ஒன்று முழங்கைக்கு அடியில், ஒன்று கால்களுக்கு நடுவில், அதன் வார் கணுக்காலில் ஒரு சுற்று. உடம்புக்கு அந்த வேலை மறக்கவேயில்லை. கடல் கடந்து வந்து உட்கார்ந்ததும் படியில்தான் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்ச நேரத்தில் அது நின்றும் போனது.

மூன்று பேரும் திரும்பி வந்தபோது அந்த மியூசியம் தன்னை உலுக்கிவிட்டதாக ஞானி சொன்னார். எதைப் பார்த்து என்று கேட்டால் அவருக்கு ஞாபகமில்லை. நன்றிக்கடனாகக் கொக்கு ஹாஸ்டலில் அத்தைக்கு டீ போட்டுக் கொடுத்தான். அப்போது பார்த்து வீட்டிலிருந்து வீடியோ கால் வந்தது. பிள்ளைகள் திரைக்குள் முட்டி மோதிக்கொண்டு "அத்தை, அத்தை" என்று கத்தின. அண்ணன் குறுக்கே புகுந்து, மடக்குக் குடையை எந்தப் பெட்டியில் வைத்திருக்கிறாய் என்று கேட்டான். சமையலறையில் இருந்தவர்கள் எல்லோரும் அந்த 'அத்தை'யைப் பிடித்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலத்திலிருந்து ஹாஸ்டல் முழுக்க அவள் அத்தை. வரவேற்பில் இருக்கும், மூக்கில் வளையம் போட்ட பெண்ணுக்கும் அத்தை. அவள் எதைவிட்டு ஓடி வந்தாளோ அது அடுத்த விமானத்தில் வந்து இறங்கிவிட்டது.

அடுத்த நாள் ஏரி. படகில் போவதாக ஏற்பாடு. காலையில் மேல் தட்டில் படுத்தபடியே, நானும் வருகிறேன் என்பதை இங்கிலீஷில் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இரண்டே இரண்டு வார்த்தைதான். நாக்குக்குப் பழக்கமில்லாததால் அதுவே நீளமாகப் பட்டது. படகுத்துறைக்குப் போனதும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். அதற்குள் கொக்கு, பழைய சாமான் கடையில் வாங்கிய இரும்பு இழைப்புளியை அவள் மடியில் வைத்துவிட்டான். மரம் இழைக்கிற சாமான், தண்ணீர் பட்டால் துருப்பிடித்துவிடும் என்றான். அதற்கு மேல் நர்ஸின் மாற்று ஷூ. அதற்கும் மேல் ஞானியின் தியானப் பாய், அதைச் சுருட்டிக் கட்ட மட்டும் அவருக்குத் தெரியாது, விரிந்து விரிந்து விழுந்தது. கரையில் இருந்து பார்த்தால் ஏரியின் ஓரம் தெரிந்தது. ஓரம் எல்லா ஏரிக்கும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

சனிக்கிழமை விடிந்தது. அத்தை குளித்து, தலை வாரி, தன் சாமான் அனைத்தையும் லாக்கரில் வைத்துப் பூட்டினாள். கைப்பை மட்டும்தான், அதை மாட்டிக்கொண்டே ஏறிவிடலாம். இன்றைக்கு மட்டும் வாய் முந்தினால் அதைத் தைத்துவிடுவது என்ற தீர்மானத்தோடு கீழே வந்தாள்.

வாசலில் மூன்று பேரும் தயாராக நின்றார்கள். அவர்கள் காலடியில் இருந்ததைப் பார்த்து அவளுக்கு மயக்கம் வராத குறை. இழைப்புளி இருந்தது. பாய் இருந்தது. புல்வெளியில் விரிக்கக் கம்பளி, மழை வந்தால் கோட்டு, வெயில் வந்தால் தொப்பி, ஞானி எப்போதாவது வாசிக்கக் கற்றுக்கொள்ளப் போகும் ஒரு சின்ன மத்தளம். முதல் நாள் ஆளுக்கொரு பையோடு வந்தவர்கள், மூன்றாம் நாள் வீடு காலி செய்துகொண்டு போகிறவர்கள் மாதிரி வந்திருந்தார்கள்.

ஊரெல்லாம் சுற்றிவிட்டு மத்தியானத்துக்கு மேல் கோபுரத்துக்கு வந்தார்கள். வாசலிலேயே எழுதிப் போட்டிருந்தது. படி குறுகல், பைக்கு அனுமதி இல்லை. கடைசி டிக்கெட் கொடுக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அத்தை வாயைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அதனால் ஒன்றும் நின்றுவிடவில்லை. பைகள் தாமாகவே பெஞ்சுக்குப் போய் அடுக்கிக்கொண்டன.

இதையெல்லாம் எதற்குத் தூக்கி வந்தீர்கள் என்று அவள் நர்ஸிடம் கேட்டேவிட்டாள். நர்ஸ் மறைக்காமல் சொன்னாள். அத்தை வருவதற்கு முன்பெல்லாம் லாக்கரில்தான் வைத்துவிட்டு வருவோம், இப்போது நீங்கள் இருக்கிறீர்கள் அல்லவா, கூடவே எடுத்து வர வசதியாக இருக்கிறது. "உங்களுக்கு உட்கார்ந்திருப்பதுதான் பிடிக்கும் என்று முதல் நாளே தெரிந்துகொண்டோம்" என்றாள். அதில் துளிக் கிண்டல் இல்லை. அன்பாகத் தோளைத் தட்டிவிட்டு மற்ற இருவர் பின்னால் ஓடிப்போனாள்.

அத்தை பெஞ்சில் உட்கார்ந்தாள். பிடிக்குமாமே. அண்ணனும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பானோ? அண்ணி, தம்பி, பிள்ளைகள் எல்லோரும், அத்தைக்கு இதுதான் பிடிக்கும் என்று நிம்மதியாக மலையேறி இருப்பார்களோ? இத்தனை வருஷமும் தன்னை வற்புறுத்திக் கூப்பிடுவார்கள் என்று இவள் காத்திருக்க, இவள் ஆசையாக உட்கார்ந்திருக்கிறாள் என்று அவர்கள் விட்டுவிட்டார்களோ? கோபம் பொங்கியது. யார் மேல் என்று சொல்ல முடியாத கோபம், அதனால் அது அழுகையாகத்தான் வந்தது. கண்ணைத் துடைக்கக் கை இல்லை. ஒரு கையில் இழைப்புளி, ஒரு கையில் மத்தளம்.

அப்போதுதான் பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து தமிழ் கேட்டது.

"ஆமா, எல்லாரும் மேல போயிருக்காங்க. நான் கீழ பையோட இருக்கேன். எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கு."

சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, காலில் புது ஷூ மாட்டி, தலையில் மஞ்சள் தொப்பியோடு ஓர் அம்மாள் மொபைலில் பேசிக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் வயசு. ஒரு பை மடியில், ஒன்று முழங்கைக்கு அடியில், இன்னொன்றின் வார் கணுக்காலில். அத்தைக்குக் கண்ணாடி பார்த்த மாதிரி இருந்தது.

மொபைலை வைத்ததும் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். அந்த அம்மாள் தங்கை குடும்பத்தோடு பஸ் டூரில் வந்தவர். தங்கை பிள்ளைகளுக்குப் பெரியம்மா, அதனால் பஸ்ஸில் எல்லோருக்குமே பெரியம்மா. கோபுரத்தின் கடிகாரத்தை அத்தை நிமிர்ந்து பார்த்தாள். டிக்கெட் கொடுப்பவர் பாதி ஜன்னலை மூடியிருந்தார். இனி யோசித்தால் ஆகாது.

"அக்கா, இதையும் கொஞ்சம் பாத்துக்கறீங்களா? நான் மேல போயிட்டு வந்துடறேன்."

நீங்கள் யார், எப்போது வருவீர்கள் என்று பெரியம்மா எதையும் கேட்கவில்லை. "அதுக்கென்ன, வெச்சிட்டுப் போங்க" என்று சொல்லி, காலாலேயே பைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவ்வளவு சுலபமாக அவர் சொன்னது அத்தைக்கு முள்ளாகத் தைத்தது. ஆனாலும் ஓடினாள். கைப்பையையும் பெஞ்சிலேயே போட்டுவிட்டு, டிக்கெட் பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

படியேறும்போது கைகளை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. வெறும் கையோடு நடந்து பழக்கமில்லை. கொஞ்ச தூரம் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள், பிறகு சுவரைப் பிடித்தாள், கடைசியில் இரண்டையும் வீசிக்கொண்டு ஏறினாள். முட்டி கெஞ்சியது. அதை அவள் சட்டை செய்யவில்லை.

உச்சிக்கு வந்ததும் காற்று அவள் தலையைக் கலைத்தது. ஓட்டுக் கூரைகள் வரிசை வரிசையாகச் சரிந்து ஆற்றில் போய் முடிந்தன. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஏரி, நேற்று ஓரம் மட்டும் பார்த்த அதே ஏரி, முழுசாகக் கிடந்தது. நடுவில் ஒரு தீவு இருந்தது. தீவு இருப்பதே அவளுக்கு இப்போதுதான் தெரியும். அத்தைக்கு அப்படி ஒரு சந்தோஷம். வாய்விட்டுச் சிரித்தாள், பக்கத்தில் நின்ற யாரோ நகர்ந்துகொண்டார்கள்.

மாடத்தின் மறுபக்கத்தில் மூன்று சிநேகிதர்களும் நின்றார்கள். அவளைப் பார்த்ததும் அவர்கள் முகத்தில் முதலில் வந்தது மகிழ்ச்சி அல்ல. "பை யாரிடம்?" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். பெரியம்மாவிடம் என்றாள் அத்தை. அது யார் என்றார்கள். தெரியாது என்றாள். தெரியாது என்ற சொல்லுக்கு அத்தனை இனிப்பு உண்டு என்று அவள் அறிந்திருக்கவில்லை. மத்தளத்தை நினைத்து ஞானியின் முகம் வெளிறியது. மூன்று பேரும் அரக்கப் பரக்க இறங்கி ஓடினார்கள். உலகப் பற்றை விட்டவர்தான் முதலில் ஓடினார்.

அத்தை நிதானமாகச் சுற்றி வந்தாள். மறுபடி சுற்றி வந்தாள். அலுக்கும்வரை பார்ப்பது என்று நின்றாள், அலுக்கவில்லை. பிறகு கீழே பார்த்தாள். சதுக்கத்தில் ஒரே ஒரு மஞ்சள் புள்ளி, அசையாமல். இத்தனை வருஷமும் மேலே நின்றவர்களுக்குத் தானும் இப்படித்தான் தெரிந்திருப்போம், அவர்கள் குனிந்து பார்த்திருந்தால். அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு அங்கே நிற்க முடியவில்லை.

கீழே வந்தால் பெஞ்சருகே வேடிக்கை. கொக்கும் நர்ஸும் ஞானியும் தலைமையாசிரியர் அறையில் நிற்கிற பிள்ளைகள் போல நின்றார்கள். பெரியம்மா பைகளை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பை தன்னுடையது என்பதற்கு ஞானி தன் மொபைலில் இருந்து படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். பெரியம்மா எல்லாப் படத்தையும் பொறுமையாகப் பார்த்தார். பையைத் தரவில்லை.

"வெச்சிட்டுப் போனவங்க கையிலதான் குடுப்பேன்" என்று அத்தையிடம் சொன்னார். "யாரு வந்து கேட்டாலும் தூக்கிக் குடுத்தா, அப்புறம் நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்?"

நியாயம்தான். அத்தை பைகளை வாங்கி அவரவரிடம் கொடுத்தாள். கொக்கு விஷயம் புரிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நர்ஸுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மேலே போக வேண்டும் என்று ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டாள். நீங்கள் இன்னொரு முறை கூப்பிடுவீர்கள் என்று காத்திருந்தேன் என்றாள் அத்தை. அது நர்ஸுக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை. எந்த மொழியில் சொன்னாலும் புரிந்திருக்காது. இழைப்புளியையும் பாயையும் தாங்களே சுமந்துகொண்டு, மூலையில் இருக்கும் காபிக் கடையில் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அத்தை பெரியம்மாவிடம் திரும்பினாள்.

"இப்ப நீங்க போயிட்டு வாங்கக்கா. நான் இருக்கேன்."

பெரியம்மா சிரித்தார். டிக்கெட் ஜன்னலைத்தான் மூடிவிட்டார்களே என்றார். உங்களுக்கு டூர்க்காரர்கள் வாங்கியிருப்பார்களே என்றாள் அத்தை. வாங்கியிருந்தார்கள். எந்த ஊரிலும் பெரியம்மாவின் டிக்கெட் கிழிபடாமல் முழுசாக இருக்கும், பிள்ளைகள் அதைப் புத்தகத்தில் அடையாளம் வைக்க எடுத்துக்கொள்வார்களாம். அப்புறம் முட்டி வலிக்கும் என்றார். தங்கை படம் எடுத்துக் காட்டுவாள் என்றார். நான் பார்த்து என்ன ஆகப்போகிறது என்றார். ஒவ்வொரு சொல்லும் அத்தைக்கு மனப்பாடம், எல்லாம் அவளே சொன்னவை. கடைசியில் பெரியம்மா, "எனக்கு இங்கயே பிடிச்சிருக்கு" என்றார்.

அதைக் கேட்டதும் அத்தைக்கு எங்கிருந்தோ சுர்ரென்று ஏறியது. கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள்.

"எழுந்திரிங்க. உள்ள போங்க."

பெரியம்மா எழுந்துவிட்டார். நாலடி போய்த் திரும்பி வந்து, மாத்திரை நீலப் பையில் இருக்கிறது, பாஸ்போர்ட் எல்லாம் ஜிப் வைத்த கறுப்புப் பையில், சின்னவன் தண்ணீர் கேட்டால் பச்சை பாட்டில் என்று சொன்னார். மறுபடி போனார், மறுபடி வந்து தொப்பியைக் கழற்றி பெஞ்சில் வைத்தார். வாசலில் அவர் டிக்கெட்டை நீட்டியதை அத்தை இங்கிருந்தே பார்த்தாள். பிறகு அந்தக் குறுகலான வழி அவரை உள்ளே வாங்கிக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் இறங்கும் வழியாக மஞ்சள் தொப்பிகள் வந்தன. முன்னால் வந்தவர் தங்கை வீட்டுக்காரர். பின்னால் தங்கை, இரண்டு பிள்ளைகள். வந்தவர் பெஞ்சைப் பார்த்தார். பைகள் இருந்தன, நடுவில் வேறு யாரோ இருந்தாள். திருதிருவென்று விழித்தார்.

"இங்க இருந்தவங்க எங்க?"

"மேல போயிருக்காங்க" என்றாள் அத்தை.

"மேலயா? எதுக்கு?"

அவர் கெட்ட மனுஷர் இல்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். வீட்டுக் கட்டில் எழுந்து கடைக்குப் போயிருக்கிறது என்று சொன்னால் எப்படி விழிப்பாரோ அப்படி விழித்தார். தங்கையும் அதே முகத்தோடு நின்றாள். அத்தை சொன்னாள்.

"பாக்கறதுக்கு."

பஸ் கிளம்பப் போகிறது, கைடு தேடிக்கொண்டிருக்கிறார், பையைக் கொடுங்கள், நாங்கள் ஏறி உட்கார்ந்துகொள்கிறோம், அக்கா வந்தால் அனுப்பிவையுங்கள் என்றார் அவர். கை கறுப்புப் பையை நோக்கி நீண்டது. அத்தை அதை மடியில் எடுத்து வைத்து வாரைக் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டாள்.

"குடுத்தவங்க வந்து கேட்டாதான் தருவேன்."

"அதுல எங்க பாஸ்போர்ட் இருக்கும்மா."

"தெரியும். பத்திரமா இருக்கு."

அவர் மனைவியைப் பார்த்தார், மனைவி அவரைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் இரண்டு பேரும் அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்தார்கள். பிள்ளைகளும் பார்த்தன. மாடத்தில் ஒரு சேலைத் தலைப்பு காற்றில் பறந்துகொண்டிருந்தது. பஸ்ஸின் ஹாரன் இரண்டு முறை அடித்தது. பெரியம்மா இறங்கி வர அவசரப்படுவதாகத் தெரியவில்லை.